பலூனை மறைத்த என் அடுப்புப் புகை

இன்று காலை முற்றத்தில், முரசுமோட்டையிலிருந்து வந்த நெல்லை அவித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வானிலை நிலையத்துப் புது உத்தியோகத்தர் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"அம்மா, அடுப்பை நூர்த்துவிடுங்கோ!"

"முதலில குட் மோர்னிங் சொல்லும்."

சொன்னார். விமானங்களுக்கு உயரத்துக் காற்றை அறிவிக்க அவர் விட்டு, போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்த பலூன் என் புகைக்குள் மறைந்துவிட்டதாம்.

"பாதியில நூர்த்தால் நெல் பழுதாப்போம். அவிஞ்ச பிறகு இன்னொண்டு விடும்."

"எங்கட நிலையத்துப் பெரியவர் அறிஞ்சால் என்னைக் கொல்லுவார், அம்மா!"

கெதியாக அவியட்டும் என்று அவரே குந்தியிருந்து, ஈரத் தேங்காய்ப் பொச்சுமட்டைகளை அடுப்புக்குள் திணித்தார். புகை இரண்டு மடங்காகக் கிளம்பியது.

அதைக் கண்டு பெரியவரே வந்துவிட்டார்.

"ஐசே, இஞ்ச என்ன செய்யிறீர்?"

உத்தியோகத்தர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பினார். நான்தான் பதில் சொன்னேன்.

"புகையை வைச்சுக் காற்றுப் பார்க்கிறார்."

கன்னியர் மடத்தில் படித்தவள் நான், பொய் சொல்வதில்லை. இது பொய்யில் சேருமா, நீங்களே சொல்லுங்கள்.