முடிந்துபோன கல்யாணமா, நடக்காத கல்யாணமா

திண்டுக்கல் கோர்ட்டில் ஜட்ஜம்மா நிமிர்ந்து பார்த்து, "ரெண்டு பேரும் மனசாரச் சம்மதிச்சுத்தான் பிரியறீங்களா?" என்று கேட்டார். அருள்தாஸ் "ஆமாங்கம்மா" என்றான். ஆனந்தி தலையாட்டினாள். "வாயால சொல்லுங்க" என்றார் ஜட்ஜம்மா. சொன்னாள். அத்தோடு அவர்களுடைய கல்யாணம் முறிந்தது.

வெளியே வந்ததும் அருள்தாஸ் அவளைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டான். கொடைக்கானல் பஸ்ஸில் இடம் பிடித்து உட்காரவைத்தான். மகளுக்குக் கொடு என்று ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் மிக்சரை நீட்டினான். அவன் ஒருநாளும் கை நீட்டி அடித்தவனில்லை, குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தவனுமில்லை. கல்யாணமாகிச் சில வருசத்தில் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். முதலில் மாதம் ஒருமுறை வந்தான், பிறகு பண்டிகைக்கு வந்தான், பிறகு அங்கேயே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டான். சண்டை போட்டிருந்தாலாவது ஆறியிருக்கும் என்று ஆனந்தி சில சமயம் நினைப்பாள்.

ஆனந்தியின் அப்பா பிச்சையா சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்து, சின்ன வயதிலேயே கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர். மலையில் கூலி வேலை பார்த்தே காலத்தை ஓட்டினார். அவர் பிள்ளைகளுக்கு விட்டுப்போன சொத்து என்று பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை ஒன்றுதான். ஆனந்தி ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் பண்ணுகிறாள். சீசன் நேரத்தில் பெட்ஷீட் மாற்றி மாற்றியே இடுப்பு விட்டுப்போகும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எழுந்து, குளித்து, கோயிலுக்குப் போய்விடுவாள். அவளுக்குக் கணீரென்ற குரல். பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

செல்வமுருகன் ஆயக்குடிக்காரர், பெண்சாதி தவறியவர். வேனில் கொய்யாப் பழம் ஏற்றிக்கொண்டு மலைக்கு வருவார், ஏரிக்கரைக் கடைகளுக்குப் போட்டுவிட்டு, பூண்டியில் கேரட் ஏற்றிக்கொண்டு இறங்குவார். லாட்ஜ் வாசலில் வேனை நிறுத்த இடம் கேட்டதில் தொடங்கிய பேச்சு, இரண்டு சீசன் தாண்டியும் நிற்கவில்லை. பழனி அடிவாரத்துப் பக்கம் பிறந்தும் அவர் மலைக்கோயில் படி ஏறுகிறவரில்லை. ஏன் என்று அவள் ஒருதரம் கேட்டாள்.

"அங்க எனக்குச் சோலி இல்ல" என்றார். "அதுக்காக யாரையும் போகாதீங்கன்னும் சொல்லமாட்டேன்."

ஒருநாள் கொய்யாக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அதே குரலில், "நாம ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீசுல போயி எழுதிக்குவமா?" என்று கேட்டார். ஆனந்திக்குச் சிரிப்பு வந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு இல்லை. "ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுறேன்" என்றாள்.

"கோர்ட்டே விட்டுருச்சே. அதுக்கு மேல யாரு விடணும்?"

"அது எனக்கும் தெரியலைங்க. அதைத்தான் கேக்கப்போறேன்."

பங்குச் சாமியார் நல்லவர். அவளை உட்காரவைத்து, டீ கொண்டுவரச் சொல்லி, முழுவதையும் கேட்டார்.

"கோர்ட்டு கொடுத்த தீர்ப்பு அரசாங்கத்துக்குத்தான் ஆனந்திம்மா. தேவ சந்நிதியில கொடுத்த வாக்கை அந்தக் கோர்ட்டு அவிழ்க்க முடியாது."

"அப்ப நான் இன்னும் அவரு பொண்டாட்டியா ஃபாதர்?"

"திருச்சபைக் கணக்குல, ஆமா."

"அப்ப திருப்பூர்ல இருக்கிற அந்தப் பொண்ணு?"

சாமியார் டீ கிளாஸைக் கொஞ்சம் தள்ளிவைத்தார். "அதை அவருதான் கடவுளுக்கு முன்னால சொல்லணும். உங்க விசயத்துக்கு வருவோம். நீங்க தனியா இருக்கிற வரைக்கும் ஒரு குறையும் இல்ல, நற்கருணை அப்பம் வாங்கலாம், வாசகம் வாசிக்கலாம். இன்னொருத்தரைக் கட்டிக்கிட்டாத்தான் சிக்கல், அது ரெண்டும் முடியாது."

பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். மதுரையில் திருச்சபைக்கென்று ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. கல்யாணத்தன்றே ஏதாவது குறை இருந்திருந்தால், மனசில்லாமல் கட்டியிருந்தாலோ, முக்கியமானதை மறைத்துக் கட்டியிருந்தாலோ, அது ஆரம்பத்திலிருந்தே செல்லாத கல்யாணம் என்று தீர்ப்புச் சொல்வார்கள். அப்படிச் சொல்லிவிட்டால், வேறு மதத்தவரைக் கட்டத் தனி அனுமதி வாங்கி இந்தக் கோயிலிலேயே செல்வமுருகனைக் கட்டிவைக்கலாம்.

"செல்லாதுன்னா, நடக்கவே இல்லைன்னா ஃபாதர்?"

"ஒரு வகையில அப்படித்தான்."

"நடந்துச்சே ஃபாதர். உங்களுக்கு முன்னால இருந்த சாமியாருதான மந்திரிச்சாரு. ஊரே வந்து சாப்பிட்டுச்சே."

சாமியாரும் சிரித்துவிட்டார். ஆனாலும் விண்ணப்பம் போடுவோம் என்றார். அவளும் சரி என்றாள். கோயிலில் வைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்ற ஆசை அவளை அப்படிச் சொல்லவைத்தது.

மகள் ஜெயப்பிரியா திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். போனில் விசயத்தைக் கேட்டதும் கோபப்பட்டாள். "சட்டப்படி நீ ஃப்ரீம்மா. உன் லைஃபுக்கு அவங்ககிட்ட எதுக்குப் பர்மிஷன்?"

"பர்மிஷன் கேக்கல பாப்பா. பாவமா இல்லையான்னு கேக்குறேன்."

"யாருக்கு என்ன நஷ்டம் இதுல? யாருக்கும் நஷ்டமில்லாதது எப்படிம்மா பாவமாகும்?"

போனை வைத்தபிறகும் அந்தக் கேள்வி ஆனந்தியை விடவில்லை. ரூமில் தலையணை உறை மாற்றும்போது யோசித்தாள். அருள்தாஸ் போனதில் நஷ்டப்பட்டது அவள்தான். கோர்ட்டு அதைக் கேட்கவே இல்லை. சம்மதமா என்று மட்டும் கேட்டது. கோயிலோ வாக்கைக் காப்பாற்றியவளையும் காற்றில் விட்டவனையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறது. இரண்டில் எது தன்னை மனுஷியாகப் பார்க்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு நேரம் மகள் பேசுவது சரியென்று தோன்றும். பூசை மணி அடித்தால் சாமியார் சொன்னது சரியென்று தோன்றும்.

தீர்ப்பாயத்திலிருந்து அவளையும் அருள்தாஸையும் மதுரைக்கு வரச்சொல்லி அழைத்திருந்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது அருள்தாஸ் முன்னாடியே வந்து, வாசல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. டீ குடிக்கிறியா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

"நீ ஒண்ணும் வெசனப்படாத ஆனந்தி" என்றான். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட விசாரிச்சுட்டேன். எதைச் சொன்னா வெரசா முடியும்னு சொன்னாரு. பிள்ளையே பெத்துக்கக் கூடாதுங்கிற நெனப்புலதான் அன்னைக்குத் தாலி கட்டுனேன், அதை உன்கிட்ட மறைச்சிட்டேன்னு சொல்லிர்றேன். அப்படிச் சொன்னா கல்யாணம் செல்லாதாம். உன்னைக் கஷ்டப்படுத்துனதுக்கு இதையாவது செய்றேன்."

"அப்ப ஜெயா?"

"அது சும்மா சொல்றதுதான. பாப்பாவுக்கு இதனால என்ன ஆகப்போகுது?"

"அவ பெறந்தப்ப வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில ராப்பகலா வராண்டாவுல உக்காந்திருந்தீங்க. பிள்ளையைக் கையில வாங்கி அழுதீங்க. அது யாரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் விட்டுப்போன வருசங்களில்கூட அவளுக்கு இப்படி ஒரு கோபம் வந்ததில்லை. நல்லது செய்கிறேன் என்றுதான் வந்திருக்கிறான், அதுவும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

உள்ளே முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். வயதான சாமியார் ஒருவர், பக்கத்தில் டைப் செய்ய ஒரு சிஸ்டர். "கட்டாயப்படுத்திக் கட்டிவச்சாங்களா?" "இல்லைங்க ஃபாதர், விரும்பித்தான் கட்டிக்கிட்டோம்." "அவர் ஏதாவது மறைச்சாரா?" "அன்னைக்கு மறைக்க அவருகிட்ட ஒண்ணும் இல்ல." "அவர் உண்மையா வாழணும்னு நெனச்சுத்தான் வாக்குக் கொடுத்தாரா?"

ஆனந்தி, "நெனச்சுத்தான் கொடுத்தாரு ஃபாதர். பெறகுதான் முடியல" என்றாள்.

டைப் அடித்துக்கொண்டிருந்த சிஸ்டர் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இப்படிச் சொன்னா உங்களுக்குச் சாதகமா வராதும்மா" என்றார் வயதான சாமியார், மெதுவாக.

"தெரியுதுங்க ஃபாதர். இந்த விண்ணப்பம் வேண்டாம். அவரைக் கூப்பிட்டுக் கேக்கவும் வேண்டாம். அவரு எனக்காகப் பொய் சொல்லுவாரு. எனக்கு அது வேண்டாம்."

கொடைக்கானலுக்கு வந்து பங்குச் சாமியாரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர், "உண்மையைச் சொன்னதுக்கு உங்களைத் திட்டவா முடியும்?" என்றார். அவர் குரலில் இருந்தது வருத்தமா மரியாதையா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவருக்கே விளங்கியிருக்குமா என்றும் தெரியவில்லை.

அதன்பின் பல வாரம் இழுத்தடித்தாள். செல்வமுருகன் வேனை நிறுத்துவார், பழத்தை இறக்குவார், கேட்கமாட்டார். அந்தக் கேட்காமை அவளைப் போட்டு அரித்தது. ஒரு திங்கட்கிழமை அவளே வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, "எழுதிக்குவோம்" என்றாள். ஏன் அன்றைக்குச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஜெயப்பிரியா வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். செல்வமுருகனின் அம்மா வடிவு பட்டுச் சேலை கட்டி, பூவோடு வந்திருந்தார். மலைக்கோயில் விபூதியை எடுத்து ஆனந்தியின் நெற்றி வரைக்கும் கொண்டுபோனவர், சட்டென்று நின்று, "உங்க வேதத்துல ஆகாதோ?" என்று கேட்டார். ஆனந்தி விழித்தாள். ஆகுமா ஆகாதா என்பதைவிட, இப்போது தன்னுடைய வேதம் என்று எதைச் சொல்வது என்றுதான் அவளுக்குத் திகைப்பு. வடிவு விபூதியைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டு, அவள் கன்னத்தைத் தொட்டு, விரல்களை முத்தமிட்டுக்கொண்டார்.

இப்போதும் ஆனந்தி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறாள். வாசகம் வேறொருத்தி வாசிக்கிறாள். நற்கருணைக்கு எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது அவள் பெஞ்சிலேயே இருக்கிறாள். பக்கத்தில் உள்ளவர்கள் தாண்டிப் போகக் காலை ஒடுக்கிக்கொள்வாள். செல்வமுருகன் வெளியே வேனில் காத்திருப்பார்.

"உன்னைத்தான் வேண்டாங்குறாங்களே, பெறகு எதுக்குப் போற?" என்று ஒருநாள் கேட்டார். கோபமில்லை, அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"வேண்டாங்கலைங்க. வா, வந்து உக்காருங்குறாங்க. பந்தியில மட்டும் எலை போடமாட்டேங்குறாங்க."

"அதுக்கு வீட்டுலயே இருக்கலாமுல்ல?"

"இருந்து பாத்தேன். அதுவும் முடியல."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வேனைக் கிளப்பினார்.

போன மாதம் தெருவில் நடக்கிற அன்பிய ஜெபக் கூட்டத்துக்கு வருகிற ஞானம்மா வீட்டுக்கு வந்தார். ரிஜிஸ்டர் கல்யாணத்துக்குப் பிறகு ஆனந்தியைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிப் போனவர். வந்தவர் உட்காரவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். மன்னவனூரில் கட்டிக்கொடுத்த மகள் திரும்பி வந்துவிட்டாள், மருமகன் வேறொருத்தியோடு போய்விட்டான். மகள் கோர்ட்டுக்குப் போகணும் என்கிறாள். சாமியாரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

"நீ ரெண்டு பக்கமும் போயி வந்தவ. எது சரி, நீயே சொல்லு தாயி."

ஆனந்தி கோர்ட்டில் சொன்னதையும் நினைத்தாள், மதுரையில் சொன்னதையும் நினைத்தாள். இரண்டு இடத்திலும் அவள் பொய் சொல்லவில்லை. இருந்தும் இரண்டும் சேர்ந்து ஒரு பதிலாக வரவில்லை.

"கோர்ட்டுக்குப் போறதுன்னா நான் கூட வாரேன்" என்றாள். "ஃபாதர்கிட்ட கேக்குறதுன்னாலும் கூட வாரேன். எது சரின்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, ஞானம்மாக்கா."

ஞானம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆனந்தி அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.