படத்தில் நான் கீறாத வீடு

நகரத்தின் பழைய பகுதியைச் சுற்றிக் காட்டும் வேலையை மகள் தொடங்கியபோது, வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு வழிப்படம் கேட்டாள். நில அளவை வேலையில் நெடுங்காலம் படம் கீறியவன் நான். கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பின்னேரம் இருந்து கீறினேன்.

கோட்டை வாசலில் காலை ஏழு மணிக்கே தொடங்க வேண்டும். வெயில் ஏறினால் கடலில் எடுத்த வெள்ளை முருகைக்கல் சுவர்கள் கண்ணைக் கூசவைக்கும். பிறகு பிரதான வீதி. தடித்த விறாந்தைத் தூண்களும் ஓட்டுக் கூரையுமாக அங்கே பல வீடுகள். சிலவற்றில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். படலையில் நின்று கேட்டால் உள்ளே விடுவார்கள். ஒரு பேக்கரி, எட்டரைக்குப் போனால் சூடான பணிஸ் கிடைக்கும். எல்லாவற்றையும் குறித்தேன். ஒரு வீட்டை மட்டும் விட்டேன்.

அது கூரையில்லாத, ஆளில்லாத வீடு. அதன் முன்வாசல் வளைவிலிருந்து மூன்று கிழமைக்கு முன் ஒரு பெரிய கல் விழுந்தது. மகள் அப்போது அங்கே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். ரோட்டிலேதான் நின்றேன், தூசி மட்டும்தான் பட்டது என்றாள். அவள் தலைமயிரில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை நானே தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு குசினியில் ஒரு சட்டி விழுந்தாலும் எழும்பி ஓடிப் பார்க்கிறேன்.

அதனால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, பாதையைப் பக்கத்திலிருந்த ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் திருப்பினேன். இது எங்கள் வயதுக்காரரின் பழக்கம். சண்டைக்காலத்தில் பிள்ளைகள் போகக்கூடாத இடங்களைப் பற்றி வீட்டில் கதைக்கமாட்டோம். மிதிவெடி இருந்த காணியைச் சுற்றிக்கொண்டு வேறு வழியால் கூட்டிப்போவோம். ஏன் என்று சொல்வதில்லை. சொன்னால் பார்க்கப் போய்விடுவார்கள் என்ற பயம்.

மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "பாதை உதாலை ஏன் சுத்திப் போகுது?" என்றாள்.

"நிழல்," என்றேன்.

"அந்த ஒழுங்கையிலை ஒரு பூவரசுகூட இல்லையே, அப்பா."

ஆனாலும் அதையே பிரதி எடுத்தாள். முதல் சனிக்கிழமைக்கு வருவதாகச் சொன்ன எல்லாருக்கும், அவர்கள் தங்கியிருந்த இடங்களுக்கே முதல்நாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவளிடமிருந்து போன் வந்தது. "அப்பா, கனடாவிலை இருந்து வந்த புருசனும் பெஞ்சாதியும் பிந்தித்தான் வெளிக்கிட்டவை. படத்தைப் பார்த்து பேக்கரிக்கு வந்து சேருறம் எண்டவை. இன்னும் காணேல்லை. போனும் எடுக்கினமில்லை."

நான் வெறுமையாக விட்ட இடத்தில்தான் அவர்கள் இருப்பார்கள் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. "நீ உதிலையே நில். நான் வாறன்," என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

கனடாவிலிருந்து வந்த அந்த அம்மா அந்த வீட்டின் வளைவுக்கு நேர் கீழே ஒரு கல்லில் இருந்து, சப்பாத்தைக் கழற்றி மண் தட்டிக்கொண்டிருந்தார். அவர் கணவர் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். திடுக்கிடவைக்கக்கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னேன்: "தங்கச்சி, சப்பாத்து கிடக்கட்டும். எழும்பி இஞ்சாலை வாங்கோ."

இரண்டு பேரும் ரோட்டுக்கு வந்தார்கள். "ஆர் அண்ணை நீங்கள், வீட்டுக்காரரோ?" என்றார் கணவர்.

"இல்லை. படம் கீறினவன்."

"அப்ப உங்களைத்தான் தேடினனான். இவ்வளவு பெரிய வீடு நிக்குது, படத்திலை வெறும் காணி. ஆருக்கும் தெரியாத வீட்டை நாங்கள் கண்டுபிடிச்சிட்டம் எண்டு இவவுக்கு ஒரே சந்தோசம்."

"கண்டுபிடிச்சவ ஒரு சப்பாத்தோடை நிக்கிறா," என்றார் மனைவி. நான் போய், சுவரோரமாகக் கையை நீட்டி, அதை எடுத்துவந்தேன்.

நான் சொன்னபடி மகள் பேக்கரியில் நிற்கவில்லை. மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டாள்.

"இதை வேணுமெண்டுதான் விட்டனீங்கள், என்ன?"

"நீ வரக்கூடாது எண்டு."

"நான் பிறகும் ரெண்டு தரம் வந்திட்டன்."

எல்லாரையும் வீதியின் எதிர்ப்பக்கத்தில் நிறுத்திக் கதைக்கத் தொடங்கினாள். முருகைக்கல்லையும் சுண்ணாம்பையும் பற்றிச் சொன்னாள். பிறகு, "மூண்டு கிழமைக்கு முன்னம் உந்த வளைவுக்குக் கீழைதான் நான் நிண்டனான். போட்டோவிலை முழு வளைவும் அடங்கேல்லை எண்டு ரெண்டடி பின்னுக்கு வந்தன். அப்பதான் கல்லு விழுந்தது. அதாலை ஒருத்தரும் உள்ளுக்குப் போகாதேங்கோ," என்றாள்.

அந்த அம்மா தன் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றேன்.

ஆட்கள் நடக்கத் தொடங்கியதும் அவளிடம் கேட்டேன்: "ரோட்டிலை நிண்டதெண்டெல்லோ சொன்னனி?"

"உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த வேலைக்கு விட்டிருப்பியளோ?"

"இல்லை."

"பிறகென்ன, அப்பா."

அன்று பின்னேரம் அவளைப் பக்கத்தில் இருத்தி அந்த வீட்டைக் கீறினேன். எங்கே நின்றாள் என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினாள். வளைவுக்கு நடு. அந்த இடத்துக்குப் பக்கத்தில், "உள்ளே போகவேண்டாம். கல் விழுகிறது. எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள்" என்று எழுதினேன்.

"ஒழுங்கையை அழிச்சு, பாதையை நேராக் கீறுங்கோ," என்றாள்.

அழித்தேன். புதிய கோடு அந்த வீட்டின் முன்னால் வந்தபோது, அதை வீதியின் மற்றக் கரைக்குத் தள்ளிக்கொண்டே போனேன்.

"இன்னும் தள்ளினால் முன்வீட்டுக்காரற்றை விறாந்தைக்குள்ளை போயிடும்," என்றாள்.

அந்த அளவில் விட்டேன்.