பதினோரு மீட்டர் வார்

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் தோல்வாரின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு நத்தானியேல் குந்தினார். மறுமுனை மகள் ஜெனிஃபாவின் கையில் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இழு."

"இழுத்தா நீளும்ப்பா. எண்ணெய் போட்டா இன்னும் நீளும். இது தோலு."

"எனக்கே தோலப் பத்தி சொல்றியா?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலையே அதுதான். தோல் துண்டைக் கருவியில் மாட்டி, அறுந்துபோகும்வரை இழுத்து, எவ்வளவு நீண்டது என்று பதிய வேண்டும். வாரம் முழுக்க அதைச் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து அப்பாவுக்கும் அதையே விளக்குவது அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

ஸ்டீல் டேப்பை வாரின் ஓரமாக ஓட்டிப் பார்த்தாள். பதினோரு மீட்டர் இருக்க வேண்டியது ஏறக்குறைய ஓர் அடி கூடுதலாக இருந்தது. சரியான இடத்தில் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"அத அழிடி."

"இங்க வெட்டினா சரியாயிடும்."

"நான் ஒருத்தனா வெட்ட முடியாது. வாணியம்பாடி பாய் வேணும்."

"அப்ப பாயைக் கூப்பிடு."

"அவன் ஒத்துக்க மாட்டான். பேஜார் புடிச்சவன்."

அவள் முனையை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனாள். வார் சுருண்டு விழுந்த சத்தம் படிக்கட்டில் கேட்டது. அப்பாவும் அவளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அதே வாரம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. வேலூருக்குக் கொண்டுபோன வண்டி பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நத்தானியேல் ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு சிறிய கல்லூரியில் மார்க்கர். மைதானத்தைக் கூட்டி, கோல்வலை கட்டி, சுண்ணாம்புக் கோடு போடும் உத்தியோகம். அவருடைய அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். மகனும் வேறு விதமாகச் சுண்ணாம்பிலேயே நின்றார். இளமையில் கால்பந்தில் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர். ஒரு கோல்கூடப் போட்டதில்லை. இடது முழங்கால் மடங்காது. தேவாலயத்தில் கூட அதை நீட்டிக்கொள்ள வசதியாக பெஞ்சின் ஓரத்தில்தான் உட்காருவார். டிவியில் உலகக் கோப்பை ஓடினாலும் பந்தைப் பார்க்க மாட்டார். "கோடு எவ்ளோ நேரா கீது பாரு" என்பார்.

அவருக்கு வருடம் என்பதே ஒரு மேட்ச்தான். வாணியம்பாடிப் பக்கத்தில் இதே அளவுக்குச் சிறிய இன்னொரு கல்லூரி. இரண்டு கல்லூரிகளையும் பல்கலைக்கழகப் போட்டிகளில் முதல் சுற்றிலேயே துரத்திவிடுவார்கள். அதனால் ஒருவரை ஒருவர் ஜெயிப்பது மட்டுமே மிச்சமிருந்த கௌரவம். ஒரு வருடம் இங்கே, மறுவருடம் அங்கே. ஷூ கம்பெனிகளில் கழித்துப் போட்ட ரப்பர் சோல்களை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு மாணவர்கள் ஒன்றோடொன்று அடிக்கும் அடியில் மைதானம் அதிரும்.

நத்தானியேல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆம்பூர் மைதானத்தில், வாணியம்பாடி ஒரு பெனால்டியில் தோற்றது. அவர்களுடைய மார்க்கர் இஷ்தியாக் அகமது உள்ளே இறங்கித் தப்படி வைத்துப் பார்த்தார். ஆம்பூர் பெனால்டி அடித்த பக்கத்துப் புள்ளி மட்டும் கோலுக்கு ஒரு தப்படி கிட்டே இருந்தது.

"கயிறு இழுத்துக்கிச்சு பாய்" என்றார் நத்தானியேல்.

"கயிறு இழுக்கல. நீ இழுத்தே."

அன்று எழுந்த சோல் சண்டையில் நிறையப் பேருக்கு மண்டை வீங்கியது. பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். இனி எந்த ஊரில் மேட்ச் நடந்தாலும், விருந்தாளிக் கல்லூரியின் மார்க்கர்தான் வந்து கோடு போட வேண்டும். உன் டேப், என் டேப் என்ற சண்டை வராதிருக்க இரண்டு பேருக்கும் பொதுவாக ஓர் அளவு. வாணியம்பாடியில் எருமைத்தோல் வாங்கி, ஆம்பூரில் துண்டு துண்டாக ரிவெட் அடித்துச் சேர்த்து, பதினோரு மீட்டருக்கு ஒரு வார் செய்தார்கள். ஒரு வார் நீளம் பெனால்டிப் புள்ளி, ஒன்றரை வார் நீளம் பெனால்டிக் கட்டம். மேட்ச் முடிந்ததும், அடுத்த வருடம் கோடு போடப் போகிறவரிடம் வார் போய்விடும்.

தோல் நீளும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த ஊர்கள் இரண்டும் சேர்ந்து, அளவுகோலைத் தோலில் செய்துகொண்டன. இதை நினைக்கும்போதெல்லாம் ஜெனிஃபாவுக்குத் தலை வலிக்கும். புள்ளி வருடா வருடம் பின்னால் நகர்ந்தது. இரண்டு கல்லூரிப் பையன்களும் அந்தத் தூரத்துக்கே பழகி, வெளியூர் போனால் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தார்கள்.

"ரெண்டு பேருக்கும்தானே நீளுது? அப்புறம் இன்னா?" என்பார் நத்தானியேல்.

அவளுடைய பட்டமளிப்பு விழா அந்த மேட்ச் அன்றைக்கு வந்தது. அவர் வரவில்லை. பொழுது சாயும்போது செருப்பெல்லாம் சுண்ணாம்பாக வீட்டுக்கு வந்து, "ரெண்டுக்கு ஒண்ணு, நாமதான்" என்றார். ஓய்வு பெற்ற பிறகும் அவரேதான் போனார். வேறு ஆளை இஷ்தியாக் ஏற்கவில்லை. இஷ்தியாக் ஓய்வு பெற்றபோது வேறு ஆளை இவர் ஏற்கவில்லை.

இந்த வருடம் மேட்ச் வாணியம்பாடியில். கோடு போட வேண்டியவர் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார். கல்லூரியின் புது மார்க்கர் வசந்த் வந்து வாரைக் கேட்டபோது, "எதுக்குப்பா அது? டேப் எடுத்துனு போ" என்று ஜெனிஃபா அனுப்பிவிட்டாள். மேட்ச்சுக்கு முந்தின நாள் காலையில் இஷ்தியாக்கிடமிருந்து போன் வந்தது.

"இன்னாமா, யாரோ டேப்போட வந்தான். போய்ட்டு வாடான்னுட்டேன்."

"டேப்ல அளந்தா கரெக்டா வரும் அங்கிள்."

"யார் டேப்பு?"

"டேப்புன்னா டேப்புதான் அங்கிள்."

"கயிறுன்னா கயிறுதான்னு அன்னிக்கு உங்கப்பனும் சொன்னான். வார் வரலன்னா நாளைக்கு மேட்ச் இல்ல. உங்க பசங்களையே கேட்டுப் பாரு."

வசந்தைக் கேட்டாள். "ஆமாக்கா. வார் இல்லாம பஸ் ஏற மாட்டாங்களாம்." அந்தச் சண்டை நடந்தபோது அந்தப் பையன்களில் ஒருவனும் பிறந்திருக்கவில்லை.

"பைத்தியம் புடிச்சவங்கம்மா எல்லாரும்" என்று அம்மாவிடம் கத்தினாள்.

ஜெயபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதில் கோபமும் இருந்தது. "வண்டியில என் பேர் சொன்னாரா? உன் பேர் சொன்னாரா? வார் பாய்கிட்ட போவணும்னாரு. அதான் கடைசிப் பேச்சு. இத்தினி வருஷம் குடும்பம் பண்ணேன், எனக்கு ஒரு வார்த்தை இல்ல. கொண்டுபோய் அந்தாளுகிட்டயே குடுத்துட்டு வா."

அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஆணியில் சுருட்டி மாட்டியிருந்த வாரை எடுத்தாள். அவள் போட்ட பேனாக் கோடு அழியாமல் இருந்தது. கூடவே, அதன் மேலேயே கத்தி நுனியால் முடி கனத்துக்கு ஒரு கீறல்.

ஜும்மாத் தொழுகை முடிந்த வெயிலில் இஷ்தியாக் தொப்பியும் குடையுமாக மைதானத்தில் காத்திருந்தார். துக்கம் விசாரிக்கவில்லை. வாரை வாங்கி ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக நிமிண்டிப் பார்த்தார். பிறகு, "போடு" என்றார்.

வசந்த் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவள் கோடு போட்டாள். உள்ளூர் மார்க்கர் பின்னாலேயே நடந்து குற்றம் சொல்வது வழக்கம். குற்றம் தீர்ந்தால்தான் டீ.

"வளையுது, வளையுது. உங்கப்பன் கைமாதிரியே."

"அவர் நேராதான் போடுவாரு அங்கிள்."

"அவன்கிட்ட நான் அப்படிச் சொன்னது கிடையாது."

பெனால்டிப் புள்ளிக்கு வாரை நீட்டியபோது அவர் கண்ணில் கீறல் பட்டது. "இது யாரு?"

"கோடு நான். கீறல் அப்பாவா இருக்கும்."

இஷ்தியாக் குடையை மடக்கினார். "அந்த ஞாயித்துக்கிழம போன் பண்ணான். பொண்ணு சொல்றது கரெக்ட்டுடா, வர்றப்ப வெட்டிடலாம், கத்தி நீ எடுத்துனு வான்னான். அவகிட்ட மட்டும் சொல்லிடாதன்னான்."

"என்கிட்ட அழிடின்னாரு!" அவள் குரல் உடைந்தது. "ஒரு தடவ... ஒரே ஒரு தடவ என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சிடும்?"

"கொறஞ்சிடும்னு நெனச்சான்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சுண்ணாம்பானது. "கத்தி இருக்கா?"

"கீது." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"வெட்டுங்க."

"ரெண்டு மார்க்கரும் நின்னு வெட்டணும்."

"நான் நிக்கறேன்ல? வசந்த் நிக்கறான்ல?"

"நீ மார்க்கர் இல்ல. அவன் டேப்பு எடுத்துனு வந்தவன்." கத்தி பைக்குள் போனது. "அடுத்த வருஷம் கோடு போட நான்தான் உங்க ஊருக்கு வரணும். அங்க வெட்டலாம்."

"அடுத்த வருஷமும் இதேதான் சொல்வீங்க."

"ஜாஸ்தி பேசற. அப்படியே அவன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோல்கம்பத்தைப் பார்த்தார். அதற்குமேல் அவளும் சண்டை போடவில்லை.

வாரின் கடைசி முனையில், இருக்க வேண்டிய இடத்துக்கு ஓர் அடி பின்னால், கைப்பிடிச் சுண்ணாம்பை வைத்து உள்ளங்கையால் அமுக்கினாள். தவறு என்று தெரிந்தே அமுக்கினாள். இஷ்தியாக் குனிந்து பார்த்தார். திரும்பி, டீக்குக் குரல் கொடுத்தார்.

மறுநாள் மேட்ச் முடிந்ததும் வாரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்தார். நத்தானியேல் சொன்னபடி அது பாயிடம் போய்விட்டது. வெட்டுவதுதான் இன்னும் ஆகவில்லை.