பட்டாணிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

போன மாதம் மாட்டுங்காவுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். நான் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரரும் கொடுக்கவில்லை. கொடுத்தது பட்டாணி.

பட்டாணி யாரென்று புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மும்பையில் எங்கள் செம்பூர் வீட்டுப் பறவை. காக்கடெய்ல் என்று ஒரு இனம் — கிளிக்குச் சித்தப்பா பிள்ளை முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். சாம்பல் உடம்பு, தலையில் நட்டமாக நிற்கும் ஒரு கொண்டை, இரண்டு கன்னத்திலும் ஆரஞ்சுப் பொட்டு. என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன கையோடு வாங்கி வந்தார். பேச்சுத் துணைக்காம்! அப்போ நான் எதற்கு இருக்கிறேன் என்று கேட்டேன்.

"நீ பேசுவ. அது கேக்கும்லா" என்றார்.

சரி, கதைக்கு வருகிறேன். எங்கள் ஒரே மகள் கவிதாவை நெருளில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் முறைப்படி அழைத்து வந்துவிட்டோம். அவள் வந்த கொஞ்ச நாளிலேயே பட்டாணி தும்ம ஆரம்பித்தது.

பறவை தும்முமா என்று கேட்காதீர்கள். நன்றாகத் தும்மும். குட்டியூண்டு சத்தம்... அதற்கே உடம்பு மொத்தமும் குலுங்கும். முதலில் சிரித்தோம். கவிதா அதை வீடியோ எடுத்து அவள் வீட்டுக்காரனுக்கு அனுப்பினாள். பிறகுதான் கவனித்தோம், தினைக் கிண்ணம் வைத்தது வைத்தபடியே இருந்தது. பட்டாணி இறகையெல்லாம் உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, கம்பியில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. விசில் இல்லை. வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்தா சம்பந்தியம்மா மருமகளைப் பார்க்க வரவேண்டும்? வந்தார். அவர் முன்னாலேயே பட்டாணி தும்மியது. மறுநாள் போன் வந்தது.

"மதினி, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. பறவைகிட்ட இருந்து ஒரு காய்ச்சல் வருமாம். மாசமா இருக்க பிள்ளைக்கு அது ஆகவே ஆகாதாம். ஒண்ணு, அந்தக் குருவிய எங்கயாவது கொடுத்திருங்க. இல்லன்னா கவிதாவ நாங்க வந்து கூட்டிட்டுப் போயிருதோம்."

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பாதியில் மாமியார் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதா? நம் சனங்கள் நடுவில் அதைவிடத் தலைகுனிவு உண்டா? தாராவியில் இருக்கிற என் ஓர்ப்படியின் காதுக்கு எட்டினால் போதும்... கோவண்டி, தேவ்நார் வரைக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பொழுது போய்விடும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் கவிதாவைப் பார்க்கிற லேடி டாக்டரும் அதையேதான் சொன்னார். கிளிக்காய்ச்சல் என்று ஒன்று உண்டு, பறவைக்கு டெஸ்ட் எடுத்து இல்லையென்று தெரிகிற வரைக்கும் நீங்கள் அதன் பக்கமே போகக்கூடாது என்று. இனி யாரிடம் கோபப்படுவது?

கவிதாவை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினோம். கூண்டு ஹாலில். வேறு இடம் ஏது? பால்கனியைத்தான் புறாக்கள் குத்தகைக்கு எடுத்திருக்கின்றனவே.

"ஏங்க, யாருகிட்டயாவது கொடுத்திருவோமா?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சீக்காளிய யாருட்டி வாங்குவா? வாங்குனாலும் என்ன செய்வான்னு ஒனக்குத் தெரியாதா?" குரல் உடைந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் லோக்கல் டிரெயினில் இடிபட்டு வேலைக்குப் போன மனுஷன்... அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் பெற்ற பெண், அவள் வயிற்றில் பிள்ளை. இன்னொரு பக்கம் இந்த மனுஷன்.

டெஸ்ட் எடுத்துவிடுவது என்று முடிவானது. மாட்டுங்காவில் பறவை, ஆமை, முயலுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று கவிதா போனில் தேடிச் சொன்னாள். கூண்டை டவலால் மூடி, டாக்சி பிடித்துப் போனோம். அங்கே பிளாஸ்டிக் டப்பாவில் ஆமையோடு ஒருவர், மடியில் கினிப்பன்றியோடு ஒரு பெண்... எல்லோர் முகத்திலும் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பார்க்கிற அதே கவலை. நான் அதுவரை இதையெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா சின்ன வயது, மராட்டிக்காரப் பெண். இந்தியில் கேள்வி மேல் கேள்வி. நான்ஸ்டிக் தவா காய்ந்து புகைகிறதா? கொசுவத்தி? ரூம் ஸ்ப்ரே? சிகரெட்? அகர்பத்தி? வீட்டுக்குள் வேறு ஏதாவது புகை?

"நஹி, நஹி, பில்குல் நஹி" என்றேன் பெருமையாக. இரும்புத் தோசைக்கல்தான். கொசுவுக்கு வலை. ஊதுவத்தி வாசனை கவிதாவுக்குக் குமட்டுகிறது என்று அதைக்கூட நிறுத்தியாயிற்று. எங்கள் வீட்டைப்போல் சுத்தமான வீடு உண்டா?

பிறகு ரத்தம் எடுத்தார்கள். பட்டாணியைச் சின்ன டவலில் சுற்றி, கழுத்தின் வலது பக்கத்தில் இறகை ஸ்பிரிட்டால் நனைத்து ஒதுக்கினார் டாக்டரம்மா. உள்ளே நூல் போல ஒரு நரம்பு. மெல்லிய ஊசி. சில சொட்டுகள்தான்... முடிந்தது. வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"இதுக்கு மேல எடுத்தா தாங்காது ஆன்ட்டி. மொத்த உடம்பே இத்தனூண்டுதானே" என்றார் டாக்டரம்மா இந்தியில். வாயிலும் பின்பக்கத்திலும் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்துக்கொண்டார். எல்லாம் லேபுக்குப் போகும், சில நாள் ஆகும் என்றார்.

அந்தச் சில நாள் இருக்கிறதே... அப்பப்பா! வீட்டுக்காரர் மாஸ்க் போட்டுக்கொண்டு கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தே கிடந்தார். கவிதா மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, "அப்பா, டென்ஷன் மத் லோ" என்று இந்தியில் தைரியம் சொல்லிக் கத்துவாள். சம்பந்தி வீட்டிலிருந்து தினமும் "ரிசல்ட் வந்துட்டா?" என்று போன்.

வந்தது. "நெகட்டிவ் ஹை அங்கிள்" என்றார் டாக்டரம்மா. கிளிக்காய்ச்சல் இல்லை. ரத்த அணுக்களைப் பார்த்தால் வேறு தொற்று இருப்பதாகவும் தெரியவில்லை. வீட்டுக்காரர் போனைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கவிதா கதவைத் திறந்துகொண்டு வந்து அப்பா தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மகளும் போகவேண்டாம், பட்டாணியும் போகவேண்டாம்!

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் பட்டாணி மறுபடி தும்மியது.

நோய் இல்லையென்றால் ஏன் தும்முகிறது? டாக்டரம்மாவுக்கும் அதே கேள்விதான். தும்முகிற நேரத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். பெரும்பாலும் சாயங்காலம்தான் தும்மல் அதிகம். வீட்டுக்காரர் போனை டிவி மேசையில் சாய்த்து வைத்து எடுத்து அனுப்பினார். சற்று நேரத்தில் டாக்டரம்மாவே வீடியோ காலில் வந்துவிட்டார்.

"ஆன்ட்டி! வீடியோல கூண்டுகிட்ட வர்றது யாரு? கையில என்ன? ஆக் லக் கயி க்யா?"

தீயா? எனக்குச் சிரிப்பு வந்தது. "அது நான்தான் டாக்டர். கையில சாம்பிராணிக் கரண்டி."

"வீட்ல புகையே இல்லன்னு சொன்னீங்களே!"

"இது புகை இல்ல டாக்டர்... சாம்பிராணி."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பட்டாணியைப் பார்த்தேன்.

நீங்களே சொல்லுங்கள், சாம்பிராணியை யாராவது புகை என்று நினைப்பார்களா? மாசமாயிருக்கிற பெண் வந்திருக்கிறாள், நாலு பேர் கண் படும் என்று அவள் வந்த நாளிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு முழுக்கப் போட்டேன். பட்டாணி தும்மியதும், ஐயையோ இதுக்கும் கண்ணு பட்டுட்டே என்று கூண்டைச் சுற்றி மூன்று சுற்று. அது தும்மத் தும்ம நான் போட, நான் போடப் போட அது தும்ம... கடைசியில் கரண்டியைக் கூண்டுக்கு அடியிலேயே பிடிக்க ஆரம்பித்திருந்தேன்!

பறவையின் உடம்புக்குள் நுரையீரல் போதாதென்று காற்றுப் பைகளும் இருக்கின்றனவாம். நமக்கு லேசாகக் கண் கரிக்கிற புகை அதற்கு உயிரையே எடுத்துவிடுமாம். டாக்டரம்மா இதைத் திட்டாமல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

யோசித்துப் பார்த்தேன். கெட்டது என்று தெரிந்து செய்வதை யாராவது கேட்டால் ஒப்புக்கொள்கிறோம். நல்லது என்று நினைத்துச் செய்வது இருக்கிறதே... எத்தனை முறை கேட்டாலும் ஞாபகத்துக்கே வருவதில்லை!

கரண்டி பரணுக்குப் போனது. ஜன்னல்களைத் திறந்துவைத்தோம். டாக்டரம்மா கொடுத்த சொட்டு மருந்தும் சேர, தும்மல் குறைந்து குறைந்து நின்றது. ஒருநாள் காலையில் குக்கர் விசில் அடித்ததும் கூண்டிலிருந்து எதிர்விசில் கேட்டது பாருங்கள்... அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பட்டாணி கொண்டையை விறைத்துக்கொண்டு நிற்கிறது!

"நோய் எங்க இருந்து வந்துச்சுன்னு பட்டாணி சொல்லிப் பாத்துருக்கு. ஒனக்குத்தான் வெளங்கல" என்றார் வீட்டுக்காரர். இனி இதை வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டுவார். சொல்லட்டும்.

சம்பந்தியம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று கூச்சமாக இருந்தது. சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க வீட்ல குருவி இல்ல மதினி, அதான் நாங்க தப்பிச்சோம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர், தன் கையாலேயே பட்டாணிக்குத் தினை வைத்துவிட்டுப் போனார்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்று, பிறக்கப்போகிற குழந்தைக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த சாமான்களைக் கவிதா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழந்துணி, வசம்பு, கருப்பு வளையல்... அடியில் ஒரு பெரிய பொட்டலம். தலைக்கு ஊற்றியதும் குழந்தைக்கு முடி காயப் பிடிக்கவேண்டுமே, அதற்காக ஊரிலிருந்து வரவழைத்த அசல் சாம்பிராணி.

"அம்மா, பட்டாணிக்கு ஆகாதது பாப்பாவுக்கு மட்டும் ஆகுமா?"

காலம் காலமாகப் பிடிக்கிறோம், உனக்குப் பிடிக்கவில்லையா, நீ நன்றாகத்தானே இருக்கிறாய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கூண்டைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு, பொட்டலத்தைத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

இன்னும் பிறக்கவே இல்லை... அதற்குள் என் பேரப்பிள்ளைக்காக எங்கள் வீட்டில் ஒருவர் ரத்தம் கொடுத்தாயிற்று!