கொட்டேஷனில் அடிபட்ட இரண்டு வரிகள்

புதுச்சேரியில் ஒரு சின்ன அலுவலகத்தில் இரண்டு வருடம் வெப்சைட் செய்யும் வேலை பார்த்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் அதை விட்டுவிட்டு விருத்தாசலத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. ஜங்ஷன் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அறை பிடித்து, தவணையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிப் போட்டு, வாசலில் 'வெப் டிசைனிங்' என்று போர்டு மாட்டினேன். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் வாங்கிய காலம் அது. முதல் நான்கு மாதம் போர்டைப் பார்த்துவிட்டு மாடி ஏறியவர்கள் எல்லாரும் பயோடேட்டா அடிக்கவும், பரீட்சை ரிசல்ட் பார்க்கவும்தான் வந்தார்கள்.

வெப்சைட் வேண்டும் என்று முதலில் வந்தவர் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் வைத்திருந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். சட்டைப் பையிலும் கை மயிரிலும் வெள்ளை மண் படிந்திருந்தது. உட்காருவதற்கு முன் நாற்காலியில் அழுக்கு ஒட்டிவிடுமோ என்று தன் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார். துணிப்பையிலிருந்து மூன்று பீங்கான் சாமான்களை எடுத்து என் மேசையில் வைத்தார். இரண்டு ஃப்யூஸ் கட்டைகள். மூன்றாவது, மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கிப் பிடிக்கிற, நூல்கண்டு போல இடுப்பு ஒடுங்கிய இன்சுலேட்டர்.

கம்மாபுரம் பக்கம் அவர் ஊர். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. வந்த நஷ்ட ஈட்டில்தான் ஷெட்டும் சூளையும். அவரும் மனைவியும் நான்கு ஆட்களும் வேலை செய்தார்கள். பெண்ணாடம், திட்டக்குடி பக்கத்து ஹார்டுவேர் கடைகளுக்குச் சரக்கு போட்டுக்கொண்டிருந்தார்.

"கோயம்புத்தூர்ல ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேம்மா. பெரிய டீலரு ஒருத்தரு நம்ம சரக்க கையில எடுத்துப் பாத்தாரு. வெப்சைட் அட்ரஸ் குடுங்கன்னாரு. இல்லீங்க, போன் நம்பர் இருக்குதுன்னேன். சாமான கீழ வச்சிட்டுப் போயிட்டாரு. அவ்ளோதான்."

அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, பீங்கானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளில் கொட்டேஷன் தருகிறேன் என்றேன். புதுச்சேரியில் பழகிய முறைப்படி ஒவ்வொரு வேலையையும் தனித்தனி வரியாகப் பிரித்துப் போட்டேன். வெப்சைட் பெயர் பதிவுக்கும் அதை வைக்க இணையத்தில் பிடிக்கும் இடத்துக்கும் இவ்வளவு, பக்கங்களை வடிவமைக்க இவ்வளவு, பொருட்களைப் போட்டோ எடுக்க இவ்வளவு, ஒவ்வொரு பொருளையும் பற்றி அவரிடம் உட்கார்ந்து கேட்டு ஆங்கிலத்தில் எழுத இவ்வளவு, ஒரு வருடம் பார்த்துக்கொள்ள இவ்வளவு. மொத்தம் இருபத்திரண்டாயிரம். எல்லாவற்றிலும் பெரிய தொகை எழுதுவதற்குத்தான், அதற்கடுத்தது போட்டோவுக்கு. அப்படிப் பிரித்துப் போட்டதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அவர் தாளை ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தார். எண்களை மட்டும்தான் பார்த்தார் என்று பிறகு புரிந்தது. அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் தெரியும்.

"ஏம்மா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒருத்தரு அஞ்சாயிரத்துக்கே பண்ணிக் குடுக்குறாராம். நீங்க இருபத்திரண்டு போட்டிருக்கீங்க. ரெண்டும் கம்ப்யூட்டர்லதானே பண்றது?"

"கம்ப்யூட்டருக்கு ஆகுற செலவு கம்மிதாண்ணே. உங்க பொருளை நான் தெரிஞ்சுக்கணும்ல. எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாது, எவ்ளோ பாரம் தாங்கும், எல்லாம் கேட்டு எழுதணும். அதுக்கு நாள் ஆகும். காசு அந்த நாளுக்குத்தான்."

"இந்த வரி என்னா?"

"அதுதான் எழுதுறது."

"இது?"

"போட்டோ."

அவர் என் பேனாவை எடுத்து இரண்டு வரியையும் அடித்தார். கோடு நேராக வர வேண்டும் என்று கவனமாக அடித்தார். "போட்டோவெல்லாம் இப்ப வேணாம். எழுதுறதும் வேணாம், நாலு வார்த்தை நீங்களே போட்டுக்குங்க. மிச்சத்துக்கு ஒன்பதாயிரம்னு வச்சுக்கலாம்."

அந்த இரண்டும் இல்லாவிட்டால் இந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போர்டு மாட்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. என் பெயரைச் சொல்ல ஊரில் ஒரு வெப்சைட்டாவது இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. சரிண்ணே என்றேன்.

வடிவமைப்பு நன்றாகத்தான் வந்தது. நீலமும் வெள்ளையும், மேலே அவர் கம்பெனி பெயர், ஓரத்தில் பொருட்களின் பட்டியல். பட்டியலில் ஒரு பொருளைத் தட்டினால் பக்கம் திறக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு மத்தியானம் அந்தக் காலிப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேடினேன். வடநாட்டில் ஒரு பெரிய கம்பெனியின் வெப்சைட்டில் அதே இடுப்பு ஒடுங்கிய இன்சுலேட்டர் இருந்தது. படம் இருந்தது, கீழே அளவும் தரமும் போட்ட அட்டவணை இருந்தது, கம்பெனியைப் பற்றி இரண்டு பத்தி இருந்தது. படத்தை எடுத்தேன். அட்டவணையை எடுத்தேன். பத்திகளில் அவர்கள் பெயர் இருந்த இடத்தில் இவர் பெயரைப் போட்டேன். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் நான் எதையும் படிக்கவில்லை. பக்கம் நிறைந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தேன்.

முடிந்ததும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அக்கா நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே திரையைப் பார்த்தார்.

"இது நம்ம சரக்கா? இவ்ளோ பளபளப்பா இருக்குது."

"போட்டோவுல அப்படித்தாங்க்கா தெரியும்" என்றேன்.

அந்த அக்கா நம்பினார். ஆங்கிலத்தில் இருந்த பத்திகளை விரலால் தொட்டு, "இதெல்லாம் நம்மள பத்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

ஆறு மாதம் போயிருக்கும். கர்நாடகாவிலிருந்து ஒரு ஒப்பந்தக்காரர் போனில் கூப்பிட்டாராம். அரைகுறைத் தமிழ். வெப்சைட்டில் மூன்றாவதாக இருக்கிற சாமான், அதே அளவு, ஒரு லாரி நிறைய வேண்டும் என்றாராம். அளவு இவரிடம் இருக்கிற அச்சின் அளவேதான். இவர் எனக்கு ஒரு பொட்டலம் மிக்சரும் அரைக் கிலோ ஜாங்கிரியும் கொண்டுவந்து கொடுத்தார். ஷெட்டின் பேரில் கடன் வாங்கி மண்ணும் எரிபொருளும் வாங்கினார். கூடுதலாக ஆறு ஆட்களை வைத்தார். அந்த மாதம் முழுக்கச் சூளை அணையவில்லை என்று ஜெராக்ஸ் கடைக்கு வந்த தொழிற்பேட்டை ஆள் ஒருவர் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வருகிறவர்களிடம் எல்லாம் அந்த வெப்சைட்டைத் திறந்து காட்டினேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அவர் வந்தார். நாற்காலியில் உட்காரும் முன் தட்டிக்கொள்ளவில்லை. கையில் பிளாஸ்டிக் பையும் ஒரு தாளும் இருந்தன. தாள், நான் செய்த பக்கத்தின் பிரிண்ட். அதில் மூன்று இடத்தில் யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள்.

"இதுல என்னா எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் தமிழ்ல படிச்சுச் சொல்லுங்கம்மா."

முதல் வட்டத்தைப் படித்தேன். "தண்ணி உறிஞ்சும் தன்மை, இல்லைன்னு போட்டிருக்குதுண்ணே."

"இல்லவே இல்லையா?"

"பூஜ்யம்னு போட்டிருக்குது."

"அடுத்தது?"

"ஒவ்வொரு உருப்படியும் எங்கள் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பிறகே அனுப்பப்படுகிறது."

"எங்க ஆய்வகத்துலயா?"

"ஆமாண்ணே."

அவருடைய ஷெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு சூளை, மண் ஊறும் தொட்டி. வேறு ஒன்றும் கிடையாது. எனக்குத் தெரிந்ததுகூட யாரோ சொல்லித்தான். நான் அங்கே ஒரு தடவைகூடப் போனதில்லை.

"அடுத்தது?"

"இந்தத் தொழிலில் முப்பது ஆண்டு அனுபவம்."

"எனக்கு ஆறு வருஷந்தாம்மா ஆவுது" என்றார்.

பிளாஸ்டிக் பையிலிருந்து உடைந்த துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மேலே வழவழப்பு அப்படியே இருந்தது. உடைந்த இடத்தில் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய பீங்கான், ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை இளஞ்சிவப்பாக ஊறியிருந்தது.

"சரக்கு போய்ச் சேந்ததும் அவங்க உடைச்சுச் சாயத்துல போட்டு வச்சிருக்காங்க. சாயம் ஏறக்கூடாதாம். ஏறிச்சுன்னா மழைத்தண்ணியும் ஏறும், கரண்டு எறங்கும்னு சொல்றாங்க. அவங்க சொல்றது சரிதான். எடுத்த துண்டெல்லாம் இப்படித்தான். லாரியத் திருப்பி வுட்டுட்டாங்க. வாடகையும் என் தலையில."

அந்தச் சிவப்பை விரலால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

"நான் மோசமான சரக்கு பண்றதில்லம்மா. நம்ம பக்கம் மோட்டார் கொட்டாய்க்கு மாட்டுறாங்க, அந்த வேலைக்கு இது போதும். அவங்க கேக்குறதுக்கு வேற மண்ணு, வேற சூடு. என் சூளை அந்தச் சூட்டுக்குப் போவாது. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா, எங்களால ஆவாதுன்னு சொல்லியிருப்பனே."

"நான் இதைப் படிச்சே பாக்கலண்ணே. வேற கம்பெனி பக்கத்துலேர்ந்து எடுத்துப் போட்டுட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்தானே எழுத வேணாம்னு அடிச்சேன்" என்றார். துண்டைப் பையில் போட்டுக்கொண்டே, "ஆனா அடிச்சா அந்த எடத்த வெறுமனே வுட்டுடுவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.



அவர் மாடிப்படி இறங்கியதும் அந்த அட்டவணையையும் பத்திகளையும் படங்களையும் அழித்தேன். மீதி இருந்தது பெயரும் போன் நம்பரும் நீல நிறமும். ஒன்பதாயிரத்தை ஒரு கவரில் போட்டு அடுத்த நாள் தொழிற்பேட்டைக்குப் போனேன். அவருடைய ஷெட்டை முதல் முறையாக அப்போதுதான் பார்த்தேன். திரும்பி வந்த சரக்கு வைக்கோலோடு பின்பக்கச் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அவர் கவரை வாங்கவில்லை. நீங்க போங்கம்மா என்றார். ஒரு வாரம் கழித்து அந்த அக்கா மாடி ஏறி வந்து, "அவருக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். போகும்போது கம்ப்யூட்டர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

சரக்கில் கொஞ்சத்தைப் பழைய கடைகள் எடுத்துக்கொண்டன. ஆனால் ஒரு லாரி சரக்கு மோட்டார் கொட்டாய்களுக்கு எத்தனை வருடத்துக்குப் போகும்? கடனுக்கு ஷெட் போயிற்று. வேறு ஒருவர் எடுத்து, சூளையைப் பிரித்துவிட்டுப் பெரிய சூளை கட்டினார். ஷெட்டை இழந்த அவர் அதே தொழிற்பேட்டையில் இன்னொருவரின் ஷெட்டில் சூளைக்கு ஆளாகச் சேர்ந்தார். திரும்பிப் போய் உழுவதற்கு ஊரில் நிலம் இல்லை. நிலம் இருந்த இடத்தில் குழிதான் இருந்தது.

நான் அதற்குப் பிறகு கொட்டேஷனில் வரிகளைப் பிரித்துப் போடவில்லை. எழுதுவதும் போட்டோவும் சேர்ந்து ஒரே தொகை, வேண்டாம் என்றால் மொத்தமும் வேண்டாம். ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்து, எது உங்களால் முடியாது என்றுதான் முதலில் கேட்பேன். சிலருக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. ஏன் இவ்வளவு ஆகிறது என்று கேட்டவர்களிடம் காரணத்தை விளக்க முயன்றேன். பாதியிலேயே நிறுத்திவிடுவேன். அவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். மூன்று வருடத்தில் ஆறு வெப்சைட் செய்தேன். அப்பா இறந்த பிறகு அறையைக் காலி செய்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தேன்.

அந்த வருடம்தான் அவரை எங்கள் ஊர்ப் பாலக்கரை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். இளைத்திருந்தார். இருமினார், தூசிதான் என்றார். அவராகவே நலம் விசாரித்தார். பேசிக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர், இரண்டு நொடியில் என்னிடம் நீட்டினார்.

"இந்திலயோ இங்கிலீஷுலயோ பேசுறாங்க. இல்லைன்னு மட்டும் சொல்லிடுங்க."

எதை இல்லை என்பது என்று எனக்குப் புரியவில்லை. வாங்கினேன். மறுமுனையில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். நீர் உறிஞ்சாத இன்சுலேட்டர், சோதித்தது, என்ன விலை என்று கேட்டார். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். வியாபாரிகளின் விலாசங்களைத் தொகுத்துப் போடும் ஒரு தளத்தின் பெயரைச் சொன்னார். நான் அழிப்பதற்கு முன்பே யாரோ அந்தப் பக்கத்தை அட்டவணையோடும் போன் நம்பரோடும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாங்கள் அதைச் செய்வதில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"மாசத்துக்கு ரெண்டு மூணு வந்துடுதும்மா" என்றார்.

"நம்பர மாத்திடலாமேண்ணே."

"பொண்ணக் கட்டிக்குடுத்த வூட்டுல இந்த நம்பர்தான் இருக்குது. அவங்க எதுக்குக் கஷ்டப்படணும்."

பஸ் வந்தது. போயிட்டு வரேன்மா என்று ஏறிக்கொண்டார்.

அன்று மாலை பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினேன். ஒன்று இல்லை, நான்கு தளங்களில் இருந்தது. நான்குக்கும் எழுதினேன். இரண்டு தளங்களில் எடுத்துவிட்டார்கள். ஒன்றிலிருந்து, பதிவை மாற்ற வேண்டுமானால் கட்டண உறுப்பினராகச் சேர வேண்டும் என்று பதில் வந்தது. சேர்ந்து, பணம் கட்டி, எடுத்தேன். நான்காவது தளத்துக்கு ஐந்து முறை எழுதியும் பதில் வரவில்லை. அந்தப் பக்கத்தில் அவர் கம்பெனியின் பெயருக்குக் கீழே முப்பது ஆண்டு அனுபவம் என்று இருந்தது. அந்த வாக்கியத்தை நான் முழுதாகப் படித்தேன்.