ஐந்தாவது விதி

போன ஞாயிறு மான்செஸ்டரிலிருந்து மகள் வீடியோ காலில் வந்தாள். ஸ்வெட்டர், மேலே சால்வை, கையில் சூடான மைலோ கோப்பை.

"அப்பா, ஹீட்டர் பில் தாங்கல. பதினெட்டு டிகிரிக்கு மேல வைக்கிறதே இல்ல. அப்படியும் ஏறுது. என்னதான் செய்றது?"

என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மனைவி சரோஜாவும் ஸ்வெட்டரில்தான் இருந்தாள். இடம் மலேசியாவின் கிள்ளான். பகல் மூன்று மணி. வெளியே தார் உருகுகிறது... உள்ளே ஏர்கோன், அதே பதினெட்டு!

அங்கே பதினெட்டுக்கு ஏற்றக் காசு. இங்கே பதினெட்டுக்கு இறக்கக் காசு. ஒரே வம்சம் இல்லையா?

முப்பத்திரண்டு வருடம் அரசாங்கத்தில் சர்க்குலர் எழுதியவன் நான். கேட்டால் சும்மா இருப்பேனா? ஆறு விதிகள் தட்டினேன். ஜன்னலுக்குத் தடித்த திரை, கதவிடுக்கில் பழைய துண்டு, காலுக்கு இரட்டை சாக்ஸ்... ஐந்தாவதுதான் என் பெருமை: 'குடும்பத்தார் அனைவரும் ஒரே அறையில் அமர்தல் வேண்டும். மற்ற அறைகளில் எக்கருவியும் இயங்குதல் கூடாது.'

அதை மகளுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

எங்கள் வீட்டில் ஏர்கோன் இரண்டு. ஹாலில் ஒன்று — சரோஜாவுக்கும் அவள் சீரியல்களுக்கும். பின்னறையில் ஒன்று — எனக்கும் என் புத்தகங்களுக்கும். ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அந்த அறைதான்.

மறுநாள் மதியம் அங்கே போய்ப் பார்த்தால் ஏர்கோன் ரிமோட்டைக் காணோம்.

"சரோஜா, ரிமோட் எங்க?"

"அஞ்சாவது ரூல் லா."

"அது மான்செஸ்டருக்கு!"

"அப்படின்னு எங்க போட்டிருக்கு? காட்டுங்க. குடும்பத்தார் அனைவரும்னு இருக்கு. நான் என்ன, பக்கத்து வீடா?"

கண்ணாடி போட்டுப் படித்தேன். மான்செஸ்டர் என்று எங்கும் இல்லை. இதே கேள்வியால் நான் எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன்!

"என்னங்க, நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காருங்க, நல்ல கட்டம். மாமியார் இப்பதான் பால்ல எதையோ கலந்தா."

ஒரு வாரமாக ஹாலில் இருக்கிறேன். மின்சாரம் மிச்சம்தான், மறுக்கவில்லை. புத்தகம் மூன்றாம் பக்கத்திலேயே நிற்கிறது. நேற்று நடுவில் கரண்ட் போனபோது, "ஐயோ, அந்தப் பொண்ணு பாலைக் குடிச்சிட்டாளா?" என்று கத்தியது... சரோஜா இல்லை.

சர்க்குலர் எழுதுகிறவர்களே, கடைசி வரியை மறந்துவிடாதீர்கள்: 'இது வெளியிடும் அதிகாரிக்குப் பொருந்தாது.'