கொடியில் தொங்கிய சொத்து

எங்கள் தெரு இஸ்திரிக்கார அக்காவின் வீட்டுக்கு விசாரணைக்கு வந்த அந்த மகானுபாவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்கு இருப்பதே ஒரே அறை. இஸ்திரி மேஜை, மூலையில் அடுப்பு, குறுக்கே கொடியில் வாடிக்கைக்காரர்களின் துணிகள். மகள் படிப்பதும் அவற்றுக்கு அடியில்தான். தலை தூக்கினால் யாருடைய கால்சட்டையாவது மூக்கில் இடிக்கும். அப்படிப் படித்தே கல்லூரியில் முழுக் கட்டணத்துக்கான உதவித்தொகைக்குத் தேர்வானாள். அது கிடைக்காவிட்டால் அவளும் இஸ்திரி மேஜைக்குத்தான் வரவேண்டும்.

வீட்டு வசதியைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து ஆள் வந்தபோது இருவருமே வெளியே போயிருந்தார்கள். அந்த மனிதர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். பக்கத்து வீட்டில் குத்துக்கல்லாட்டம் நான் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! வாய் என்ன வாடகைக்கா விட்டிருந்தார்?

உதவித்தொகை கிடையாது என்று தகவல் வந்தது. வீடு நிறைய விலை உயர்ந்த கோட்டுகளாம். வசதியான குடும்பமாம்.

அக்கா கல்லூரிக்குக் கிளம்பினாள். நானும் போனேன்.

"அதெல்லாம் ஊரார் துணி சார். நான் இஸ்திரி போடறவ."

உதவித்தொகை அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் இப்படி ஏதாவது சொல்லத்தாம்மா செய்வாங்க. எங்க ஆளு கண்ணால பாத்துட்டு வந்திருக்காரு."

அக்கா பையிலிருந்து ஒரு கோட்டை எடுத்து விரித்தாள். அதிகாரி துள்ளி எழுந்தார்.

"அட, என் கோட்டு! டிரைவர்கிட்ட குடுத்துவிட்டது. சாயந்தரம் விழாவுக்கு வேணும், குடுங்க."

"இது என்னோடது சார்."

"என்னம்மா விளையாடறீங்களா? உள்ளே என் பேரு தைச்சிருக்கு!"

"இதுவும் அன்னிக்கு என் வீட்டுலதான் தொங்குச்சு. உங்க ஆளு கண்ணால பாத்தாரே, சார். அவரு பொய்யா சொல்வாரு?"

அக்கா கோட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க திருத்துற வரைக்கும் எனக்கு வேற வேலை இல்ல சார்."

முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார். கையெழுத்தும் போட்டார். மகளின் பெயர் சரியாக இருக்கிறதா என்று என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அக்கா எழுந்தாள். கோட்டை நீட்டினாள்.

"இஸ்திரிக்கு எவ்வளவு?" என்றார் அவர், கடுகடுவென்று.

"ஒண்ணும் வேணாம் சார். உதவித்தொகைன்னு வச்சுக்கங்க."